35 கோல் போட்டவர்களை ஒரு வரியில் முடிக்காதீர்கள்

கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதுகிற, வர்ணனை செய்கிற, வினாடி வினா நடத்துகிற நண்பர்களுக்கு,

உங்களிடம் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உலகக் கோப்பை நெருங்கினால் போதும், விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுவீர்கள். 1885 செப்டம்பர் 12, ஸ்காட்டிஷ் கோப்பை முதல் சுற்று, ஆர்ப்ரோத் 36, பான் அக்கார்ட் 0. ஜான் பெட்ரி என்ற இளைஞர் ஒருவரே 13 கோல் போட்டார் என்பதையும் மறக்காமல் சேர்ப்பீர்கள். அதோடு ஒரு கொசுறு வரும்: அதே நாளில் பக்கத்து ஊரில் இன்னொரு அணி 35 கோல் போட்டும் சாதனையைக் கோட்டைவிட்டது. படிப்பவர் சிரிப்பார், நீங்களும் அடுத்த துணுக்குக்குப் போய்விடுவீர்கள்.

அந்த "இன்னொரு அணி"க்குப் பெயர் உண்டு. டண்டி ஹார்ப். பல சமயம் அந்தப் பெயரைக்கூட நீங்கள் சொல்வதில்லை. சொன்னாலும் அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், ஏன் இன்று அந்தப் பெயரில் ஓர் அணி இல்லை என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பஞ்சத்துக்கும் வேலையின்மைக்கும் தப்பிக் கடல் கடந்து வந்த அயர்லாந்துக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் 1879ல் தொடங்கிய கழகம் அது. பதினைந்து ஆண்டுகள் இருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பிற்பகலை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டோம். எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

உங்களைப் படிக்கிறவர்கள் இந்தியக் கால்பந்தையும் பின்தொடர்கிறவர்கள். அவர்களுக்கு டண்டி அவ்வளவு தூரத்து ஊர் அல்ல. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிற அந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுக்க வங்காளத்துச் சணலால் வாழ்ந்தது. கிழக்கு வங்கத்தின் ஈர நிலங்களில் விளைந்த சணல் கட்டுக்கட்டாகக் கப்பலேறி டண்டித் துறைமுகத்தில் இறங்கியது. முரட்டு நாரை இளக்கத் திமிங்கல எண்ணெய் தேவைப்பட்டது. டண்டியிலேயே திமிங்கல வேட்டைக் கப்பல்கள் இருந்தன. சாக்கு, கோணி, கூடாரத் துணி என்று உலகுக்கெல்லாம் அங்கிருந்து போயிற்று. லாக்கி என்ற பகுதியில் காக்ஸ் சகோதரர்கள் நடத்திய கேம்பர்டவுன் ஆலைதான் அன்றைக்கு உலகின் மிகப் பெரிய சணல் ஆலை. உச்ச காலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

அந்த ஆலைகளுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? கணிசமானவர்கள் அயர்லாந்திலிருந்து. உருளைக்கிழங்குப் பஞ்சம் 1845ல் தொடங்குவதற்கு முன்பே அங்கிருந்த லினன் நெசவுக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி டண்டிக்கு வரத் தொடங்கியிருந்தன. பஞ்சத்துக்குப் பிறகு அது வெள்ளமாயிற்று. 1851 மக்கள்தொகைக் கணக்கின்போது டண்டியில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். லாக்கியில் அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "டிப்பரரி". அது அயர்லாந்தின் ஒரு மாவட்டத்துப் பெயர்.

இன்னொரு செய்தியை நீங்கள் தவறாமல் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். டண்டி ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பது முதலாளிகளின் கணக்கு. சிறுவர்களை வேலைக்கு எடுப்பார்கள். அவர்கள் வளர்ந்து ஆண் கூலி கேட்கும் வயது வந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் பெண் ஆலைக்குப் போக, ஆண் வீட்டில் அடுப்பைப் பார்ப்பது அந்த ஊரில் சாதாரணக் காட்சி. அப்படிப்பட்ட ஆண்களைக் "கெட்டில் கொதிக்க வைப்பவர்கள்" என்று ஊர் ஏளனம் செய்தது. தறிகளின் இரைச்சலில் காது போய், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

ஹார்ப் அணியில் ஆடியவர்கள் ஆண்கள். ஆனால் அந்த ஊரின் வீடுகளில் காசு எந்தக் கையிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மைதான வாசலில் கொடுத்த காசிலும் சட்டைக்கும் பூட்ஸுக்கும் திரட்டிய பணத்திலும் ஆலைப் பெண்களின் கூலி கலந்திராமல் இருக்க வழியே இல்லை. ஆட்டக்காரர்களின் பெயராவது எங்கோ ஒரு பழைய பத்திரிகையில் கிடக்கிறது. அந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

வந்தவர்கள் கத்தோலிக்கர்கள், வந்து சேர்ந்த நாடு புராட்டஸ்டண்ட் நாடு. குறைந்த கூலிக்கு வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள், குடிகாரர்கள், சண்டைக்காரர்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஸ்காட்லாந்தில் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசுப் பணத்தோடு இணைத்த சட்டம் 1918ல்தான் வந்தது. அதுவரை அவர்கள் ஊருக்கான கல்வி வரியையும் கட்டி, தங்கள் பள்ளிக்கும் தாங்களே காசு திரட்டினார்கள். கோயில், பள்ளி, இளைஞர் சங்கம், மதுவிலக்குச் சங்கம் எல்லாம் சில்லறைக் காசில் எழுந்தவை. கால்பந்துக் கழகமும் அந்த வரிசையில்தான் வருகிறது. அதைப் பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டுப் போனால் பாதியைச் சொல்லாமல் விட்டதாகும்.

எடின்பரோவில் 1875ல் ஹைபர்னியன் கழகம் தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாதிரியார் எட்வர்ட் ஹானனும் மைக்கேல் விலஹான் என்ற இளைஞரும் முன்னின்று தொடங்கினார்கள். இது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கான சங்கம், உங்களுக்கு இடமில்லை என்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் முதலில் கதவைச் சாத்தியது. அவர்கள் விடவில்லை, உள்ளே வந்தார்கள். 1887ல் கோப்பையையே வென்றார்கள். அதே ஆண்டு கிளாஸ்கோவில் வால்ஃபிரிட் என்ற துறவியின் முயற்சியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டும் என்று செல்டிக் பிறந்தது. செல்டிக் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், எழுதவும் வேண்டும். ஆனால் ஹைபர்னியனுக்கும் செல்டிக்குக்கும் நடுவே, 1879ல், டண்டியின் சணல் தூசிக்குள்ளிருந்து ஒரு கழகம் எழுந்தது. செல்டிக்கைவிட எட்டு வயது மூத்தது அது. அயர்லாந்தின் சின்னமான யாழையே பெயராகச் சூட்டிக்கொண்டது. எங்களை ஒளித்துக்கொள்ள மாட்டோம் என்று அந்தச் சூழலில் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு இடிந்து விழுந்ததும் அதே 1879ன் டிசம்பரில்தான். பாலத்தின் கதை நூறு புத்தகங்களில் இருக்கிறது, ஹார்ப்புக்கோ ஒரு வரிதான்.

இப்போது 1885ன் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை என்பதிலும் ஒரு கதை உண்டு. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆலையில் பெண்களையும் சிறுவர்களையும் வேலை வாங்கக் கூடாது என்று 1850ல் சட்டம் வந்தது. அந்த அரை நாள் விடுமுறையில்தான் பிரிட்டனின் உழைக்கும் மக்கள் கால்பந்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். ஆலைச் சங்கு ஓய்ந்த பிறகுதான் மைதானத்துக்குக் கூட்டம் வந்தது.

துறைமுகத்தை ஒட்டிய கிழக்கு டாக் தெருவில் ஹார்ப்பின் மைதானம். எதிரணி அபர்டீன் ரோவர்ஸ். கோல் கம்பத்துக்கு வலை கிடையாது; வலை வந்தது 1891ல். மழையாய்க் கோல் விழுந்துகொண்டிருக்கும்போது எண்ணுவது எளிய வேலையல்ல. ஆட்டம் முடிந்ததும் நடுவர் தன் குறிப்பைப் பார்த்து 37 என்றார். ஹார்ப்பின் செயலாளர் குறுக்கிட்டு, என் கணக்கில் 35தான் என்றார். நடுவர் அதை ஏற்று 35 என்றே சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். ஹார்ப்பில் ஆடிய முன்னாள் ஆர்ப்ரோத் ஆட்டக்காரர் ஒருவர், தன் பழைய நண்பர்களுக்குத் தந்தி அடித்துப் பெருமை பேசினாராம். 36–0 என்று பதில் வந்ததும் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாராம். தந்திக் கதையில் சொல்பவர்கள் சேர்த்த உப்பு புளி எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் 37 என்பது 35 ஆனதைக் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கோப்பையின் ஏட்டில் 35 என்றே இருக்கிறது.

அந்தச் செயலாளரை ஏமாளி என்றும் அப்பாவி என்றும் நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். ரெண்டு கோலைத் தானே கொடுத்துச் சாதனையை இழந்தவர் என்று சிரிக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். ஆர்ப்ரோத்தில் அந்நேரம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் முன்னால் நிற்கிற பதினொரு அபர்டீன் பிள்ளைகள், ஏற்கெனவே அவமானப்பட்டுக் களைத்து நிற்பவர்கள், தங்கள் மேல் விழாத ரெண்டு கோலைச் சுமக்க வேண்டாம் என்பதுதான். எண்ணிக்கை தங்களுக்குச் சாதகமாகத் தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். வேறு எந்தக் கழகத்துக்காரர் இதைச் செய்திருந்தாலும் பெரிய மனிதத்தனம் என்று எழுதியிருப்பீர்கள். எந்த மக்களைப் பற்றி ஊரார் நல்ல வார்த்தை சொல்ல மறுத்தார்களோ அந்த மக்களின் கழகத்துக்காரர் செய்ததால்தானா அது இன்றுவரை நகைச்சுவையாகவே இருக்கிறது? நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பை நாம் ஏன் தமிழில் தொடர வேண்டும்?

அபர்டீன் ரோவர்ஸும் பான் அக்கார்டும் அப்படித்தான். தோற்றவர்களைக் கோமாளிகளாக்கி எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 35 கோல் வாங்கிய பிறகும் ஆட்டம் முடியும்வரை மைதானத்தைவிட்டு ஓடாத அணி என்றும் அதே செய்தியை எழுதலாம்.

அடுத்து, ஹார்ப்பின் முடிவு. இங்கேதான் உங்கள் எழுத்தில் எனக்குப் பெரிய குறை. "பிறகு அந்தக் கழகம் மறைந்துவிட்டது" என்று முடித்துவிடுகிறீர்கள். கழகங்கள் தாமாக மறைவதில்லை. 1893ல் ஸ்காட்லாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவது சட்டபூர்வமாயிற்று. அதே ஆண்டு டண்டியில் "அவர் பாய்ஸ்" (Our Boys), "ஈஸ்ட் எண்ட்" என்ற இரண்டு கழகங்கள் ஒன்றாகி, டண்டி கால்பந்துக் கழகம் என்ற பெயரில் ஸ்காட்டிஷ் லீக்கின் முதல் பிரிவுக்குள் போயின. ஹார்ப் அந்த இணைப்பில் இல்லை. ஊருக்கே பெயரான அணி ஒன்று பெரிய அணிகளோடு வாராவாரம் மோதும்போது, கூட்டம் எந்தப் பக்கம் போகும்? அந்தக் காலத்தில் வெளியூர் அணியை ஆட வரவழைத்தால் இவ்வளவு தருவோம் என்று முன்பே உறுதி கொடுக்க வேண்டும். வாசல் வசூல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். ஆலைத் தொழிலாளிகளின் கழகத்துக்குப் பின்னால் பணக்காரப் புரவலர் யாரும் நிற்கவில்லை. கடன் ஏறியது. 1894ல் சங்கம் ஹார்ப்பை இடைநீக்கம் செய்தது. அதோடு முடிந்தது.

கால்பந்து பணத் தொழிலாக மாறிய அதே நொடியில் ஏழைகளின் கழகம் மூச்சுத் திணறிச் செத்தது என்பதுதான் இந்த வரலாற்றின் முதுகெலும்பு. இன்றைக்குக் கோடிக்கணக்கில் ஆட்டக்காரர்களை வாங்கி விற்பதை நீங்கள் வாரந்தோறும் கண்டிக்கிறீர்கள். அது நேற்று தொடங்கிய வியாதி அல்ல என்று காட்ட இதைவிடத் தெளிவான சான்று உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

ஹார்ப் போன பிறகும் அந்த மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 1909 மே 24ம் தேதி, பாட் ரைலி என்ற சைக்கிள் வியாபாரி முன்னின்று, டண்டி ஹைபர்னியன் என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். பச்சை, வெள்ளைச் சட்டை. க்ளெபிங்டன் பார்க் மைதானத்தைப் பிடித்து டானடைஸ் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த டண்டி வாண்டரர்ஸ் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் கோபத்தில் அரங்கையும் கோல் கம்பத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒதுக்கப்பட்டவர்களும் பிறரை ஒதுக்கியதுண்டு, அந்த வாண்டரர்ஸும் இன்று இல்லை. 1923ல் டண்டி ஹைபர்னியனும் திவாலின் விளிம்புக்கு வந்தது. அயர்லாந்துக்காரர்களின் அணி என்ற அடையாளம் இருக்கும்வரை ஊர் முழுக்க ஆதரவு கிடைக்காது என்று புதிய நிர்வாகிகள் நினைத்தார்கள். அந்த அக்டோபரில் பெயர் டண்டி யுனைடெட் ஆயிற்று. பச்சைச் சட்டை போய்க் கறுப்பு, வெள்ளை வந்தது.

1983ல் ஸ்காட்லாந்து லீக்கை வென்ற டண்டி யுனைடெடை உங்களுக்குத் தெரியும். 1987ல் பார்சிலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் வென்று யூஃபா கோப்பை இறுதிவரை போனதைச் சிலிர்ப்போடு எழுதியிருக்கிறீர்கள். பின்னாளில் வந்த அந்த ஆரஞ்சுச் சட்டைக்குக் கீழே பச்சைச் சட்டை ஒன்று இருந்தது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், அதற்கும் முன்னால் யாழின் பெயர் தாங்கிய ஓர் அணி இருந்தது என்று இன்னொரு வாக்கியம் சேர்த்திருந்தால், அந்த வெற்றி எங்கே வேர் விட்டது என்று படிப்பவருக்குப் புரிந்திருக்கும்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைப் பற்றி எழுதும்போது நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 1920ல், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நகரத்தில் மரியாதை இல்லை என்ற ஆதங்கத்தில் பிறந்த கழகம் அது. பிரிவினைக்குப் பிறகு அகதிகள் நெஞ்சில் வைத்துக்கொண்ட கழகம். அதன் வரலாற்றை எழுதாமல் அதன் கோல்களை மட்டும் எழுதுவதை நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். டண்டியின் ஆலைகளில் ஐரிஷ் பெண்கள் நூற்ற சணல் அதே கிழக்கு வங்கத்து மண்ணில் விளைந்தது. ஹூக்ளிக் கரையில் ஆலைகள் வந்தபோது அவற்றை நடத்த டண்டியிலிருந்து மேலாளர்கள் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வங்க ஆலைகளின் குறைந்த கூலிக்கு முன் டண்டி பின்தங்கியது. ஹார்ப் விழுந்ததும் அதே பத்தாண்டில்தான். இந்தத் தொடர்பைத் தமிழில் யாரும் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதுவார்கள் என்று காத்திருக்கிறோம்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை 36–0 என்று எழுத உட்காரும்போது, டண்டி ஹார்ப் என்ற பெயரை முழுதாக எழுதுங்கள். அது சணல் ஆலை ஐரிஷ் தொழிலாளிகளின் கழகம் என்று எழுதுங்கள். செயலாளர் ரெண்டு கோலைத் திருப்பிக் கொடுத்ததை நேர்மை என்றே எழுதுங்கள். பெட்டிச் செய்தியில் இடம் போதாது என்றால் ஆசிரியரிடம் சண்டை போட்டு இடம் வாங்குங்கள். வினாடி வினா நடத்துகிறவர்கள், "எத்தனை கோல்?" என்று கேட்டு நிறுத்தாமல் "யாருடைய கழகம்?" என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். வர்ணனையாளர்களே, டண்டி யுனைடெட் ஆடும் நாளில், பந்து வெளியே போய்க் கிடைக்கிற அந்த அரை நிமிடத்தில் பச்சைச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. நம் ஊர்களிலும் ஆலைத் தொழிலாளிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் ரயில்வே ஊழியர்களும் நடத்திய அணிகள் எத்தனையோ பெயர் தெரியாமல் போயிருக்கின்றன. அவற்றில் ஆடியவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். டண்டி ஹார்ப்பின் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட இனி நாம் பேட்டி காண முடியாது. உங்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, எழுதப் பக்கம் இருக்கிறது. இந்த மாதமே உங்கள் ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப் போங்கள். எத்தனை கோல் போட்டார் என்பதோடு, சட்டை வாங்க யார் காசு கொடுத்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்